பெயர் எழுதாத கொப்பி: வன்னியில் வாள்வெட்டுக் குழுக்களை ஆராயப் போகிறவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?

பரந்தன் சந்தியிலிருந்து ஏ-35 வீதியால் கிழக்கே போனால் தருமபுரம், விசுவமடு என்று ஊர்கள் வரும். அங்கே ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் கொப்பியும் பேனையுமாகப் போய் இருந்து பாருங்கள். கதிரை எடுத்துப் போடுவார்கள், தேத்தண்ணி வரும். தேத்தண்ணியோடு ஒரு கேள்வியும் வரும்: "இது என்ன பதிவு பிள்ளை?"

அதை வெறும் உபசாரக் கேள்வியாக எடுக்கக்கூடாது. உலர் உணவுக்குப் பதிவு, இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு ஊரிலும் பதிவு, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலம் தாண்டி வந்தபோது பதிவு, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரம் கூடாரமாகப் பதிவு என்று பார்த்த சனம் இது. ஒருநாள் இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) இருந்தாலும் பெயரைக் கொடுங்கள் என்று படையினர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 12,000 பேர் அப்படிப் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனார்கள். படையினரிடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் தாய்மார் போராட்டத்தில் இருந்தார்கள். பிறகு வீட்டுத்திட்டம் வந்தபோதும் பதிவுதான். வீடு தந்த கொப்பியும் ஆளைக் கொண்டுபோன கொப்பியும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருந்தன.

இப்போது அதே முற்றத்துக்கு ஒரு முதுதத்துவமாணி (எம்.பில்) மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய தலைப்பு போருக்குப் பிந்தைய வன்னியில் இளைஞர் குழு வன்முறை. கையில் பல்கலைக்கழகம் தந்த சம்மதப் படிவம் இருக்கிறது. அதில் பங்குபற்றுபவரின் பெயர், கையொப்பம், திகதி எழுத மூன்று கோடுகள். அந்தப் படிவத்தின் நோக்கம் பங்குபற்றுபவரைப் பாதுகாப்பது. ஆனால் அந்த முற்றத்தில் அது பாதுகாப்பாகத் தெரியாது. குழு வன்முறை ஆய்வுக்கான பட்டப்பின் பயிற்சியைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்த மூன்று கோடுகள்தான் காரணம். இந்தப் பயிற்சி எங்களுக்கு அவசரமாகத் தேவை. ஆனால் வன்னிக்கு வருகிறவர் முதலில் பழகவேண்டியது, பெயரை எழுதாமல் ஒரு விசயத்தை அறிந்துகொள்வது.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து சில வருடங்களில் வடக்குப் பத்திரிகைகளில் "வாள்வெட்டு" நாளாந்தச் சொல்லாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் "ஆவா குழு" என்ற வாள்வெட்டுக் கூட்டத்தின் பெயர் பெரிதாக அடிபட்டது. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். சில நாட்களில் சுன்னாகத்தில் பொலிஸ் புலனாய்வாளர்கள் வெட்டப்பட்டார்கள், ஆவா பெயரில் துண்டுப்பிரசுரமும் வந்தது. அப்போதைய அமைச்சரவைப் பேச்சாளர் ராஜித சேனாரத்ன, அந்தக் குழுவை உருவாக்கியதே முந்தைய ஆட்சியின் பாதுகாப்புத் தரப்புத்தான் என்று பகிரங்கமாகச் சொன்னார். மற்றவர்கள் மறுத்தார்கள். ஒரு பெயர், அதற்கு நாலு விளக்கம். அந்தப் பெயரோடு தொடர்பென்று சொல்லி ஊர் ஊராகக் கைதுகளும் நடந்தன.

வன்னியின் கதை அதே கதை அல்ல. யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகள் நெருக்கமானவை, வன்னி பரந்து கிடக்கிறது. இங்கே சண்டைக்குப் பின்னால் பெரும்பாலும் கைப்பிடித்துப் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று இருக்கும். ஆற்றுப் படுக்கையில் இரவில் மணல் அள்ளும் உழவு இயந்திரமும் டிப்பரும் ஒன்று. பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கும் கேரளக் கஞ்சா இன்னொன்று. காட்டோரத்தில் காய்ச்சும் கசிப்புச் சாராயம், பட்டணத்துப் பிள்ளைகளின் கைக்கு வரும் ஐஸ் போதைப்பொருள், கோயில் திருவிழா இரவில் இரண்டு ஊர்ப் பெடியளுக்கு இடையில் வரும் சொறிச்சல், ஒரு காதல் விவகாரம், டிக்டொக்கில் போட்ட ஒரு வீடியோ என்று மற்றவையும் உண்டு. இவற்றில் எது குழு வன்முறை, எது தனிச்சண்டை, எது களவு வியாபாரம்? எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போடுவது பத்திரிகைக்கு வசதி. ஆய்வுக்கு அது நஞ்சு. 2023 டிசம்பரில் நாடு முழுவதும் பொலிஸார் போதைப்பொருளுக்கும் குற்றக் கும்பல்களுக்கும் எதிராகத் தொடங்கிய "யுக்திய" சுற்றிவளைப்புகளுக்குப் பிறகு இந்தக் கலப்படம் இன்னும் கூடியது. கஞ்சா குடித்தவனும் வாள் வைத்திருந்தவனும் ஒரே செய்திக்குள் வந்தார்கள்.

பயிற்சியின் முதல் பாடம் எங்கேயும் வரைவிலக்கணம்தான். சிக்காகோவில் பிரெடரிக் த்ராஷர் என்ற சமூகவியலாளர் 1927இல் வெளியிட்ட ஆய்வில் அந்த நகரத்தின் 1,313 குழுக்களைக் கணக்கெடுத்ததாகச் சொன்னார். அந்த எண்ணைப் பார்த்து இன்றைக்கும் மாணவர்கள் அதிசயிக்கிறார்கள். ஆனால் அந்த 1,313இல் விளையாட்டுக் கூட்டமும் இருந்தது, கொள்ளைக் கூட்டமும் இருந்தது. எதை எண்ணுகிறோம் என்று முடிவுசெய்யாமல் எண்ணினால் எண் பெரிதாகத்தான் வரும். அதற்குப் பிறகு எழுபது எண்பது வருட விவாதம். மல்கம் கிளைன் போன்றவர்கள் முன்னின்று, ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து யூரோகாங் என்ற பெயரில் ஒரு பொது வரைவிலக்கணத்துக்கு வந்தார்கள். அதைத் தமிழில் சொன்னால்: நின்று நிலைக்கிற, தெருவைச் சார்ந்து இயங்குகிற இளையோர் கூட்டம், சட்டவிரோதச் செயலில் ஈடுபடுவது அந்தக் கூட்டத்தின் அடையாளத்திலேயே ஒரு பகுதி.

இந்த வரைவிலக்கணத்தை எங்கள் மதகடியில் வைத்துப் பாருங்கள். பின்னேரம் ஆறு பெடியள் மதகில் இருக்கிறார்கள். இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு போன், ஒரு பாட்டு. தெருவைச் சார்ந்ததுதான், மூன்று வருடமாக அதே ஆட்கள்தான், அதனால் நிலைத்ததும்தான். போன மாசித் திருவிழாவில் அடிபட்டார்கள். சரி, ஆனால் அடிபடுவது அவர்களின் அடையாளமா? அவர்களைக் கேட்டால் தாங்கள் இன்ன விளையாட்டுக்கழகத்தின் பி அணி என்று சொல்லுவார்கள். அந்த ஆறு பேருக்கு "குழு" என்று பெயர் வைப்பது ஆய்வேட்டில் ஒரு வரி. பொலிஸ் கொப்பியில் அதே சொல் விளக்கமறியல் ஆகிவிடும்.

யூரோகாங் ஆட்கள் இதனாலேயே ஒரு நல்ல வழக்கத்தை வைத்தார்கள். "நீ குழுவில் இருக்கிறாயா?" என்று முதலிலேயே கேட்பதில்லை. உனக்குக் கூடித்திரியும் சிநேகிதர் கூட்டம் உண்டா, அவர்கள் என்ன வயது, எங்கே கூடுவீர்கள், எவ்வளவு காலமாக, அந்தக் கூட்டத்தில் சட்டத்துக்குப் புறம்பான காரியத்தைச் சரி என்று ஏற்பார்களா என்று படிப்படியாகக் கேட்டு, விடைகளிலிருந்து ஆய்வாளரே முடிவுக்கு வருகிறார். பட்டப்பின் வகுப்பில் இதை ஒரு வினாக்கொத்து நுட்பமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். வன்னியில் இதுவே அடிப்படை மரியாதை.

ஏனென்றால் எங்கள் தமிழில் "குழு" என்ற சொல் ஏற்கெனவே அடிபட்ட சொல். படையினரோடு சேர்ந்து இயங்கிய ஆயுதக்காரரைச் சனம் "ஒட்டுக்குழு", "துணைக்குழு" என்று சொல்லிப் பழகிவிட்டது. ஆகவே "இங்கே குழு ஏதும் இருக்கா?" என்று ஒரு ஆய்வாளர் கேட்டால், வயதான ஒருவரின் மனதில் வாளும் வராது, மோட்டார் சைக்கிளும் வராது. "யாற்ற குழு?" என்பதுதான் வரும். அடுத்தது, "நீங்கள் யாற்ற ஆள்?" அந்த இரண்டாவது கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். பேச்சை வெள்ளாமைப் பக்கம் திருப்பிவிடுவார். ஊரில் உண்மையில் புழங்குகிற சொற்கள் வேறு: பெடியள், கோஷ்டி, றவுடியள், "உந்தச் சந்திப் பெடியள்". ஒவ்வொன்றுக்கும் வேறு எடை. "எங்கட பெடியள்" என்றால் அணைப்பு, "உவங்கள்" என்றால் கதவு மூடியாயிற்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தமிழில் சனம் இந்தச் சம்பவங்களைச் சொல்லும் விதமே பெயரைத் தவிர்க்கும் விதம். "நேற்று சந்தியடியில வெட்டு விழுந்ததாம்." வெட்டியது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பயத்தினால் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. அதில் ஒரு நாகரிகமும் இருக்கிறது, நாளைக்கு இரண்டு தரப்பும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய ஊர் அது. மாணவி நேர்காணலைத் தமிழில் பதிந்து ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும்போது, ஆங்கில வாக்கியம் ஒரு எழுவாயைக் கேட்கும். யார் வெட்டினார்? மொழிபெயர்ப்பில் ஒரு ஆளையோ கூட்டத்தையோ அங்கே வைத்துவிட்டால், சொன்னவர் சொல்லாத குற்றச்சாட்டை அவர் வாயில் வைத்ததாகிவிடும். ஆய்வு முறையியல் வகுப்பில் மொழிபெயர்ப்புக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குகிறார்கள். எனக்குக் கேட்டால் ஒரு தவணை ஒதுக்கவேண்டும்.

சரி, இந்தப் பயிற்சியை எங்கே பெறுவது? குற்றவியல் என்று தனியாகப் படிக்க ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் சட்டமும் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் பல காலமாக இயங்குகின்றன. வன்னிக்குள்ளே பார்த்தால், வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானபோது பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் பீடங்களோடுதான் தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. வன்னியின் மண்ணைப் படிக்கலாம், நீரைப் படிக்கலாம். வன்னியில் ஏன் ஒரு பிள்ளை வாளைத் தூக்குகிறான் என்று படிக்க வெளியே போகவேண்டும், அல்லது வெளியாள் வரவேண்டும். இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

வெளியாள் வருவதில் பிழை இல்லை. எவ்வளவு காலத்துக்கு வருகிறார் என்பதுதான் கேள்வி. 1930களின் பிற்பகுதியில் பொஸ்டன் நகரின் இத்தாலியர் குடியிருப்பில் வில்லியம் ஃபூட் வைட் என்ற சமூகவியலாளர் வருடக்கணக்காகத் தங்கினார். சந்தியில் நிற்கும் பெடியளோடு கூடித் திரிந்து அவர் அறிந்தவை இன்றைக்கும் பாடமாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு தேர்தலில் தான் கள்ள வாக்குப் போட்டதையும் பிற்பாடு அவரே எழுதினார். கூட்டத்தோடு ஒட்டி இருக்கும்போது எல்லை எங்கே மங்குகிறது என்பதற்கு அந்த ஒப்புதல் நல்ல பாடம். டெனிஸ் ரொட்ஜர்ஸ் என்ற மானிடவியலாளர் 1996இல் நிக்கரகுவாவின் தலைநகர் மனாகுவாவுக்குப் போனபோது ஒரு குழுவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டார். அதற்குப் பிறகு திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போய், முதலில் கண்ட பெடியள் நடுவயதுக்காரர் ஆகும்வரை பின்தொடர்ந்தார். எனக்கு இதில் பிடித்தது அந்தத் திரும்பிப் போதல். ஒருவன் பதினேழு வயதில் வாளோடு நின்றான் என்பதை ஒரு கிழமையில் அறியலாம். இருபத்தேழு வயதில் அவனே மேசன் வேலை செய்து, பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறான் என்பதை அறிய பத்து வருடம் வேண்டும். வன்னிக்கு வரும் ஆய்வுகளில் அநேகம் திட்டக் காசு முடிகிறபோது முடிந்துவிடுகின்றன.

ரொட்ஜர்ஸ் தன் எழுத்துகளில் அந்தக் குடியிருப்புக்கே புனைபெயர் வைத்தார். எல்லாப் பயிற்சியிலும் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்: ஆளின் பெயரை மாற்று, ஊரின் பெயரை மாற்று. பெரிய நகரத்துக்கு இது போதும். இங்கே போதாது. 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டம் முழுவதிலும் சுமார் 113,000 பேர், முல்லைத்தீவில் சுமார் 92,000 பேர். "ஒரு குளத்தை அண்டிய குடியேற்றத் திட்டம், ஏ-9 வீதியிலிருந்து நான்கு கிலோமீற்றர், 2018இல் ஒரு மரணச் சம்பவம்" என்று எழுதினால், வன்னியில் பஸ் ஓட்டுகிற எவரும் ஊரைச் சொல்லிவிடுவார். "தகப்பனை இழந்த, மூத்த அண்ணன் கட்டாரில் இருக்கும், இடது கையில் வெட்டுக்காயம் உள்ள 19 வயது இளைஞன்" என்றால் வீட்டையே காட்டிவிடுவார். ஆகவே இங்கே எழுதப் போகிறவர் விவரங்களைப் பிரித்துக் கலக்கவேண்டும். இரண்டு மூன்று பேரின் கதையை ஒருவராகச் சேர்ப்பதா, வருடத்தை மழுப்புவதா, காயத்தையே விட்டுவிடுவதா என்று ஒவ்வொரு பந்தியிலும் யோசிக்கவேண்டும். செய்தால் ஆய்வின் கூர்மை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

இதோடு சேர்ந்தது பழிச்சொல் யார்மேல் விழும் என்ற பிரச்சினை. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியின் காட்டோரங்களில் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. காணி உறுதி இல்லாமல், கூலி வேலையை நம்பி இரண்டு தலைமுறை. நகரத்தில் ஒரு சம்பவம் நடந்தால் வாய் முதலில் திரும்புவது அந்தக் குடியேற்றங்களின் பக்கம்தான். "உவங்கள்தான் செய்திருப்பாங்கள்." வாத்தியார் வீட்டுப் பிள்ளை அடிபட்டால் அது சேர்க்கை சரியில்லாததால் வந்த வினை, அந்தக் குடியேற்றத்துப் பிள்ளை அடிபட்டால் அது றவுடித்தனம். ஆய்வாளர் எந்த ஊரைத் தெரிவுசெய்கிறார் என்பதிலேயே இந்தப் பார்வை நுழைந்துவிடும். சனம் கைகாட்டும் ஊருக்கே போனால், சனம் ஏற்கெனவே நம்புவதைத்தான் கொண்டு திரும்புவார்.

சட்டப் பக்கம் வருவோம். ஆய்வாளர் "நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும்" என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைக் காப்பாற்ற அவரால் முடியுமா? அமெரிக்காவில் ரிக் ஸ்கார்ஸ் என்ற கலாநிதிப் பட்ட மாணவர், தான் ஆய்வுக்காகப் பேசிய செயற்பாட்டாளர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்ததால் 1993இல் 159 நாள் சிறையில் இருந்தார். அவர் செய்தது சுற்றாடல், விலங்குரிமை இயக்கங்களைப் பற்றிய சாதாரண சமூகவியல் ஆய்வு. இன்னும் கனமான உதாரணம் பெல்பாஸ்ட். 2001 முதல் 2006 வரை, வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக்காரரின் வாக்குமூலங்களைப் பொஸ்டன் கல்லூரியின் திட்டம் ஒன்று பதிவுசெய்தது. அவரவர் இறக்கும்வரை வெளிவராது என்று சொல்லித்தான் பேசவைத்தார்கள். 2011இல் பிரித்தானியத் தரப்பின் கோரிக்கையில் அமெரிக்க நீதிமன்ற அழைப்பாணை வந்தது. பதிவுகளில் ஒரு பகுதி பொலிஸாரிடம் போனது, கைதுகள் நடந்தன. 2019இல் பெல்பாஸ்டில் ஒரு வழக்கில், அந்தப் பதிவுகள் நம்பத்தகுந்த சான்று அல்ல என்று நீதிமன்றமே ஒதுக்கிவைத்தது. சான்றாகவும் பயன்படவில்லை, நம்பிக்கையும் போனது.

இலங்கையில் சட்டத்தரணிக்கும் அவருடைய கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சாட்சியக் கட்டளைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆய்வாளருக்கும் தகவல் தந்தவருக்கும் அப்படி ஒரு விசேட பாதுகாப்பு இல்லை. மாறாக, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சில பாரதூரமான குற்றங்களை அறிந்தவர் நியாயமான காரணமில்லாமல் பேசாமல் இருக்கக்கூடாது என்று கடமையை வைக்கிறது. அதே வருடம் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் தகவல் மறைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆகவே மாணவி தன் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து, களத்துக்குப் போகமுன் ஒரு விசயத்தைத் தீர்மானிக்கவேண்டும்: எதைக் கேட்கமாட்டேன்? "யாரை வெட்டினாய், எப்போது, யார் கூட வந்தது?" என்பவை ஆய்வுக் கேள்விகள் அல்ல, விசாரணைக் கேள்விகள். பெடியன் தானாகவே அதைச் சொல்லத் தொடங்கினாலும், "தம்பி, பெயரும் இடமும் வேண்டாம், எனக்குத் தெரியவேண்டியதில்லை" என்று இடையில் நிறுத்தப் பழகவேண்டும். ஒரு பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருக்க, ஒருவன் மனம்விட்டுப் பேசும்போது அவனைத் தடுப்பது லேசான காரியம் இல்லை. வகுப்பில் ஒருவர் பெடியனாக நடிக்க, மற்றவர் நிறுத்திப் பழகும் ஒத்திகை இதற்குத் தேவை. பத்துப் பக்கம் ஒழுக்கநெறி விண்ணப்பம் நிரப்புவதைவிட அது பெரிய பயிற்சி.

கையொப்பத்துக்குப் பதில் வாய்ச் சம்மதம் எடுக்கலாம். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறிக் குழுக்கள் பல நாடுகளில் தகுந்த காரணம் காட்டினால் இதை ஏற்கின்றன. எங்கள் நாட்டில் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் மருத்துவ பீடங்களில் வேர்விட்டவை. மருந்துப் பரிசோதனைக்கு எழுத்துச் சம்மதம் கட்டாயம்தான். விசுவமடு முற்றத்துக்கு அதே படிவம் பொருந்தாது என்பதை மாணவி காரணகாரியத்தோடு எழுதி அவர்களுக்கு விளங்கப்படுத்தவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அவள் படித்திருக்கவேண்டும், தேவைக்கு மிஞ்சிய தரவைச் சேர்க்காதே என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

குறிப்புகள் எல்லாவற்றையும் எரித்துவிட்டால் பிரச்சினை தீருமா என்று கேட்கலாம். தீராது. பிலடெல்பியாவின் கறுப்பின இளைஞர்களைப் பற்றி 2014இல் எழுதிய அலிஸ் கொஃப்மன் என்ற சமூகவியலாளர், அவர்களைக் காப்பாற்றுவதற்காகத் தன் களக் குறிப்புகளை அழித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு அவர் எழுதிய சம்பவங்களில் சந்தேகம் எழுந்தபோது, சரிபார்க்க யாரிடமும் எதுவும் இருக்கவில்லை. ஆட்களையும் காப்பாற்றவேண்டும், எழுதியது உண்மை என்றும் காட்டவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. முதல் நாளிலிருந்தே பெயரில்லாமல் எழுதிய குறிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் மறைக்க ஒன்றும் இல்லாததால் அழிக்கவும் தேவையில்லை. மேற்பார்வையாளர் வாசிக்கலாம், பரீட்சகர் கேட்டால் காட்டலாம், சோதனைச்சாவடியில் பையைக் கொட்டினாலும் ஒரு தாயின் பிள்ளைக்கு ஆபத்து வராது. இதனால்தான் கொப்பியைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

பெயரில்லாத தரவு பயனில்லாத தரவு என்று நினைக்கவேண்டாம். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முகம், தாடை அறுவைச்சிகிச்சை நிபுணர் ஒரு விசயத்தைக் கவனித்தார். அடிபட்டு, வெட்டுப்பட்டு விபத்துப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினரின் சம்பவங்கள் பொலிஸுக்குத் தெரியவே இல்லை. ஆகவே பதிவு மேசையில் மூன்று நான்கு கேள்வி மட்டும் சேர்த்தார்கள்: எங்கே நடந்தது, எப்போது, என்ன ஆயுதம். பெயர் நீக்கிய அந்தத் தரவை மாநகரசபையும் பொலிஸும் சேர்ந்து பார்த்து, எந்தத் தெருவில் எந்த நேரம் ஆபத்து என்று அறிந்து ஏற்பாடுகள் செய்தார்கள். வன்முறைக் காயங்களுக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர், ஒத்த நகரங்களோடு ஒப்பிடும்போது 42 சதவீதம் குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பெயரும் யாருக்கும் தேவைப்படவில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளின் விபத்துப் பிரிவுகளில் இதைச் செய்து பார்க்க ஒரு முதுமாணி மாணவர் போதும் என்று நம்புகிறேன். திருவிழாக் காலத்தில் கூடுகிறதா, அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில் கூடுகிறதா, க.பொ.த. பரீட்சை முடிந்த கிழமையிலா, மணல் அள்ளும் பாதையோரத்திலா? இவற்றுக்கு இன்று ஊரில் எல்லாரிடமும் அபிப்பிராயம் இருக்கிறது, தரவு இல்லை. பொலிஸ் திணைக்களத்தின் வருடாந்தக் குற்றப் புள்ளிவிவரம் பொலிஸ் பிரிவு வாரியாக வருகிறது. ஆனால் அது முறைப்பாடு செய்யப்பட்டவற்றின் கணக்கு. முறைப்பாடு செய்யாமல் பெரியாட்கள் கூடிப் பேசித் தீர்த்தவை அதில் இல்லை. சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் எண் கூடித் தெரிவதும், அது பொலிஸ் கொப்பியில் ஏறியவற்றின் கணக்கு மட்டுமே என்பதால்தான். மேலதிக விவரத்துக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதப் பழகுவதும் பட்டப்பின் பயிற்சியின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும். அதற்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் வேண்டியதில்லை.

கடைசியாக ஆய்வாளரின் மனம். வன்முறை ஆய்வுப் பயிற்சிகளில் இப்போது இதற்கு இடம் கொடுக்கிறார்கள்: கேட்டதைச் சுமப்பது, நித்திரை குழம்புவது, கிழமைக்கு ஒருமுறை யாரோடாவது பேசி இறக்கிவைப்பது. வன்னிப் பிள்ளையே ஆய்வாளராக வரும்போது இது இரட்டிப்பு. 2009இல் எட்டு ஒன்பது வயதாக இருந்தவள் இப்போது பல்கலைக்கழகத்தை முடித்திருக்கிறாள். அதே வயதில் அதே பதுங்குகுழியில் இருந்த பையன் இன்று அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, வாளைக் கையில் பிடித்தபோது பயம் போனது என்று சொல்கிறான். அந்த வசனத்தை அவள் எந்தத் தூரத்திலிருந்து கேட்பாள்? மேற்பார்வையாளர் கொழும்பிலோ லண்டனிலோ இருந்துகொண்டு மாதம் ஒருமுறை மின்னஞ்சல் அனுப்பினால் போதாது. களத்துக்கு அருகில், தமிழில் பேசக்கூடிய ஒருவர் அவளுக்கு வேண்டும். பாதுகாப்பும் அதோடு சேர்ந்ததுதான். யார் வீட்டுக்குப் போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று தெரிந்த ஒருவர் ஊரிலேயே இருக்கவேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது வன்னியில் களஆய்வுத் திட்டத்தின் முதல் வரி.

அப்புறம் ஆய்வேடு முடிகிறது. கறுப்பு மட்டை கட்டி, பொன் எழுத்துப் பொறித்து, ஆங்கிலத்தில் இருநூறு முன்னூறு பக்கம் நூலக இறாக்கையில் ஏறுகிறது. பேசிய தாய்மாருக்கு அது போய்ச் சேருவதில்லை. எட்டுப் பக்கத்தில், தமிழில், ஆட்களை அடையாளம் காட்டாமல் எழுதி, அந்த ஊர் வாசிகசாலையில் ஒரு ஞாயிறு பின்னேரம் வாசித்துக் காட்டலாம். மாதர் அபிவிருத்திச் சங்கத்தைக் கூப்பிடலாம், விளையாட்டுக்கழகப் பெடியளையும் கூப்பிடலாம். வாசிக்கும்போது யாராவது எழுந்து "அப்பிடி இல்லை பிள்ளை, நீர் அதைப் பிழையா விளங்கியிருக்கிறீர்" என்று சொன்னால், அந்த வரியைத் திருத்திக்கொண்டு பஸ் ஏறலாம்.